அந்தக் கட்டையைக் கொண்டுவந்தது யார்?

தலைவரே, நீங்கள் பொய் சொல்கிறீர்கள்.

நம் தோட்டப் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத் தலைவரான உங்களைத்தான் சொல்கிறேன். போன மாதம் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் எழுதியதை எல்லோரும் படித்தோம். தலைமையாசிரியராக இருந்த நம் பெரிய வாத்தியார் அந்தக் காலத்திலேயே பிள்ளைகளைச் சிந்திக்க வைத்து அறிவியல் சொல்லிக்கொடுத்தாராம். தண்ணீரில் மூழ்கும் மரக்கட்டையை வேண்டுமென்றே கொண்டுவரச் செய்து, இன்ஸ்பெக்டர் முன்னால் போட்டுக் காட்டி, கண்ணால் பார்ப்பதைச் சொல்ல நமக்குக் கற்றுக்கொடுத்தாராம். அதற்காக அவருக்கு மண்டபம் எடுத்து மாலை போடப் போகிறீர்களாம். நீங்கள் எழுதியதன் கீழே நம்மோடு படித்தவர்கள் வரிசையாகக் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். ஒருவர்கூட இது நடந்ததா என்று கேட்கவில்லை.

விழா மலருக்கு ஆளுக்கொரு நினைவுக் குறிப்பு எழுதித் தரச் சொன்னீர்கள். இது என்னுடையது. வெட்டாமல் போடுங்கள். அந்தக் கட்டையால் ஓர் ஆசிரியைக்கு வேலை போனது. அதை நீங்கள் எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

நாம் ஐந்தாம் வகுப்பில் இருந்தோம். மழை பிடித்துக்கொண்ட மாதங்கள். ஈஜோக் சாலையிலிருந்து தோட்டத்துக்குள் வரும் மண் பாதை சேறாகிக் கிடந்தது. வகுப்பு ஜன்னலுக்கு வெளியே செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு சின்ன ரயில் போகும். அது போகும்போது பலகைச் சுவர் ஆடும். பாடம் நிற்கும். அந்தக் குலைகளைப் பிழியும் ஆலையிலிருந்து வரும் எண்ணெய் நாற்றம் சட்டையில் ஒட்டிக்கொள்ளும். துவைத்தாலும் போகாது.

டீச்சர் அந்த வருடம்தான் வந்தார். ரவாங்கிலிருந்து பஸ் ஏறி, சாலையில் இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து வருவார். பள்ளிக் குழாயில் காலைக் கழுவிவிட்டுத்தான் வகுப்புக்குள் நுழைவார். தற்காலிக ஆசிரியை. இப்போது கணக்குப் போட்டால் அவருக்கு அப்போது இருபது வயதுதான் இருக்கும். நமக்கு அவர் பெரிய மனுஷியாகத் தெரிந்தார்.

“டீச்சர், அடுத்த வருசமும் நீங்கதான் வருவீங்களா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அது என் கையில இல்லம்மா. ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்து என் பாடத்தைப் பார்ப்பாரு. நல்லாருக்குன்னா டிரெய்னிங்குக்கு எடுப்பாங்க. இல்லாட்டி அவ்வளவுதான்.”

“அவ்வளவுதான்னா?”

“வீட்டுல உக்காந்து தம்பி தங்கச்சிங்களுக்குச் சோறு பொங்க வேண்டியதுதான்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நாமும் சிரித்தோம். ஆகவே யாருக்கும் தெரியாது என்று சொல்லாதீர்கள். அந்த இன்ஸ்பெக்டர் வருகையில்தான் அவர் வேலை இருக்கிறது என்று வகுப்புக்கே தெரியும்.

அவர் பாடம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். முட்டைப் பாடத்தை மறந்திருக்க மாட்டீர்கள். சுங்கை செம்பிலாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன்காரர் வருவார். அவரிடம் கருவாட்டுக்கு மீனை உப்பில் ஊறவைத்த தண்ணீரை ஒரு பால் டின்னில் வாங்கி வரச் சொன்னார் டீச்சர். ஒரு முட்டையைக் குழாய்த் தண்ணீரில் போட்டார். அடியில் போய் உட்கார்ந்தது. அதே முட்டையைக் கருவாட்டுத் தண்ணீரில் போட்டார். மிதந்தது. வகுப்பு முழுக்கக் கவுச்சி. மூக்கைப் பிடித்துக்கொண்டு முட்டிமோதிப் பார்த்தோம்.

“ஏன் மிதக்குது?” என்றார் டீச்சர்.

அப்போது நீங்கள்தான் வகுப்பு மானிட்டர். நீங்கள்தான் முதலில் கை தூக்கினீர்கள்.

“மீன் கவுச்சிதான் டீச்சர் தூக்குது.”

நாங்கள் சிரித்தோம். டீச்சர் சிரிக்கவில்லை. “இருக்கலாம். எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்றார்.

நீங்கள் நகத்தைக் கடித்துக்கொண்டே யோசித்தீர்கள். பிறகு, “உப்பு போடாம வெறும் மீன் கழுவுன தண்ணியில போட்டுப் பார்க்கலாம் டீச்சர். கவுச்சி இருக்கும், உப்பு இருக்காது” என்றீர்கள்.

மறுநாள் உங்கள் வீட்டிலிருந்தே அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்தீர்கள். முட்டை மூழ்கியது. உங்கள் பேச்சு தப்பு என்று நீங்களே காட்டிவிட்டு, அதைப் பார்த்துக் குதித்தீர்கள். “கவுச்சி இல்ல, உப்புதான்! உப்புதான்!” டீச்சர் உங்கள் தலையில் தட்டி, “இவன் பார்த்துட்டுப் பேசுறான்” என்றார். உங்களைவிடக் கெட்டிக்காரப் பிள்ளை அந்த வகுப்பில் இல்லை. என் கோபமே அதனால்தான்.

அரசாங்கம் நம் பள்ளிக்கு அறிவியல் பெட்டி ஒன்று அனுப்பியிருந்தது. காந்தம், பூதக்கண்ணாடி, சின்னத் தராசு, கண்ணாடிக் குழாய்கள், மரத் துண்டுகள் எல்லாம் அதில் இருந்தன. பெட்டி பெரிய வாத்தியார் அறையில் மர அலமாரிக்குள் பூட்டியிருந்தது. சாவி அவர் இடுப்பில். நாம் அந்தப் பூதக்கண்ணாடியை ஒருநாளும் கையால் தொட்டதில்லை. அலமாரிக் கதவின் கண்ணாடி வழியாக அது பளபளப்பதைப் பார்த்திருக்கிறோம்.

டீச்சர் கேட்டுப் பார்த்தார். நான் அறைக்கு வெளியே பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“சார், காந்தத்தை மட்டும் ஒரு பாடத்துக்குக் குடுங்க சார்.”

“உடஞ்சா யாரும்மா பதில் சொல்றது?”

“கவனமா வச்சுக்கிறேன் சார்.”

“தொலஞ்சா?”

டீச்சர் திரும்பி வந்துவிட்டார். பெரிய வாத்தியாருக்கு முன்பு இருந்தவர், பள்ளியின் பூகோள உருண்டை காணாமல் போனதற்கு மேலிடத்தில் கை கட்டி நின்றாராம். அது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. பயந்த மனிதர் என்று இப்போது புரிகிறது. புரிகிறது என்பதற்காக நான் கைகூப்பும் படம் போட மாட்டேன்.

இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று செய்தி வந்தது. மிதப்பதும் மூழ்குவதும் என்பதுதான் அன்றைய பாடம் என்று பெரிய வாத்தியார் முடிவு செய்தார். டீச்சரை ஜன்னல் ஓரம் நிற்கச் சொல்லிவிட்டு அவரே வகுப்பை எடுத்தார். பிரம்பால் மேசையைத் தட்டுவார்.

“மரக்கட்டை?”

“மிதக்கும் சார்!”

“ஆணி?”

“மூழ்கும் சார்!”

“கோலிக்குண்டு?”

“மூழ்கும் சார்!”

தண்ணீர் இல்லை. பேசின் பாத்திரமும் இல்லை. கட்டையும் ஆணியும் இல்லை. பிரம்பும் நம் தொண்டையும்தான். இன்ஸ்பெக்டர் வரும்வரை தினமும் இதுதான் பாடம். நம் வீட்டு வரிசையான லயத்தில் விளையாடும்போதுகூட ஒருவர் “மரக்கட்டை?” என்றால் மற்ற எல்லோரும் நம்மை அறியாமலே “மிதக்கும் சார்!” என்று கத்தினோம். அப்படிப் பழகியிருந்தது.

கடைசியில் அலமாரியைத் திறந்தார். பெட்டிக்குள் இருந்த மரத் துண்டுகளைக் கரையான் தின்றிருந்தது. தொட்டால் உதிர்ந்தது. பூட்டிப் பூட்டி வைத்ததைக் கரையானுக்குத்தான் கொடுத்திருக்கிறார். முகம் வெளுத்துவிட்டது. உங்களையும் என்னையும் கூப்பிட்டார்.

“ஆசாரிப் பட்டறைக்கு ஓடுங்க. ஒரு கட்டை வேணும்னு சொல்லுங்க. இன்ஸ்பெக்டர் பார்க்கப் போறாரு, பளபளன்னு இருக்கணும்.”

பட்டறையில் ஆசாரி சின்ன ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் வைரம் பாய்ந்த சிலீப்பர் கட்டையை அறுத்துக்கொண்டிருந்தார். அதன் முனையில் ஒரு துண்டு மிஞ்சியது. அதை இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்துக் கொடுத்தார். அழகாகத்தான் இருந்தது. காய்ந்ததும் நீங்கள் தூக்கிக்கொண்டு நடந்தீர்கள். செம்பனை வரிசைக்கு நடுவில் இரண்டு தடவை கை மாற்றிக்கொண்டீர்கள்.

“என்னா கனம்லா இது, கல்லு மாதிரி” என்றீர்கள்.

“குடு, நான் தூக்குறேன்” என்றேன்.

“போ, நீ கீழ போட்டுட்டா பெரிய வாத்தியாரு என்னைத்தான் அடிப்பாரு.”

அந்தக் கட்டையைப் பள்ளிக்குக் கொண்டுவந்த கை உங்கள் கை. இது நினைவிருக்கிறதா, தலைவரே?

டீச்சர் கட்டையைக் கையில் வாங்கியதும் எடை பார்த்தார். முகம் மாறியது. பெரிய வாத்தியாரிடம் போனார்.

“சார், ஒரு தடவை தண்ணியில போட்டுப் பார்த்துரலாம் சார்.”

“எதுக்கு?”

“மிதக்குதான்னு.”

“கட்டை மிதக்குமான்னு பார்க்கணுமா? மூணாம் வகுப்புப் பையனுக்கே தெரியும். வார்னிஷ் போட்டு வச்சிருக்கு, நனைச்சுக் கெடுத்துராதீங்க.”

கட்டை மறுபடி அலமாரிக்குள் போனது. சாவி இடுப்புக்குப் போனது. அன்று பள்ளி விட்டபோது டீச்சர் நம்மிடம் ஒன்றுதான் சொன்னார். “நாளைக்கு அவரு எதைக் கேட்டாலும், பார்த்துட்டுச் சொல்லுங்க.”

இன்ஸ்பெக்டர் கறுப்புக் காரில் வந்தார். தமிழர்தான். முழுக்கைச் சட்டை, முகத்தில் பவுடர். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பெரிய வாத்தியார் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். பிரம்பு முதுகுக்குப் பின்னால் இருந்தது. நமக்குத் தெரியும், இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது.

டீச்சர் மேசையில் பேசினை வைத்துத் தண்ணீர் ஊற்றினார். வெள்ளை எனாமல் பேசின், நீல விளிம்பு. ஆணி போட்டார். மூழ்கியது. சோடா மூடிக்குள் இருக்கும் தக்கையைப் போட்டார். மிதந்தது. நாம் கத்தினோம். இன்ஸ்பெக்டர் தலையாட்டினார்.

பிறகு கட்டை. டீச்சர் அதை இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீரில் மெதுவாக விட்டார். நேராக அடிக்குப் போய் டொக்கென்று உட்கார்ந்தது. அந்தச் சத்தம் கேட்பதற்குள் வகுப்பு கத்திவிட்டது.

“மிதக்கும் சார்!”

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். பேசினுக்குள் எட்டிப் பார்த்தார்.

“என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க.”

“மிதக்கும் சார்.” இந்தத் தடவை சத்தம் குறைவு. ஆனாலும் சொன்னோம். சொன்னீர்கள்.

முன் பெஞ்சில் இருந்த என்னைக் காட்டினார். “நீ சொல்லும்மா.”

நான் எழுந்தேன். முழங்கால் பெஞ்சில் இடித்தது. வாசலைப் பார்த்தேன். பெரிய வாத்தியார் உதடு “மிதக்கும்” என்று அசைந்தது. டீச்சரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, பேசினைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பேசினைப் பார்த்தேன்.

“முழுகிருச்சு சார்.”

“ஏன்?”

“தெரியல சார். வேற கட்டையப் போட்டுப் பார்த்தாத் தெரியும்.”

கோடு போடும் என் அடிக்கோல் மரத்தால் ஆனது. எடுத்துத் தண்ணீரில் போட்டேன். மிதந்தது. “கட்டைக்குக் கட்டை வேற மாதிரி சார்” என்றேன். இன்ஸ்பெக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவருக்குப் பிடித்திருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அப்படியே விட்டிருந்தால் டீச்சர் தப்பித்திருப்பார்.

ஆனால் அவர் கேட்டார். “இந்தப் பிள்ளைங்களை இப்படிக் கத்தப் பழக்குனது யாரு? இந்தக் கட்டையை யாரு கொண்டாந்தது?”

“டீச்சரம்மாதான் சார். அறிவியல் எல்லாம் அவங்க ஏற்பாடு” என்றார் பெரிய வாத்தியார் வாசலிலிருந்து.

“நான் பழக்கல சார்” என்றார் டீச்சர். குரல் சின்னதாக வந்தது.

“அப்ப யாரு?”

டீச்சர் பெரிய வாத்தியாரைக் காட்டவில்லை. வேலைக்கு வைத்தவரைக் காட்ட முடியுமா? நம்மைப் பார்த்தார். நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

“இல்ல சார், பெரிய வாத்தியாருதான் எங்களை ஆசாரிகிட்ட அனுப்பி...”

“உக்காருடி!” பிரம்பு முன்னால் வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். உங்கள் சட்டையில் குத்தியிருந்த மானிட்டர் பட்டையைப் பார்த்தார். “நீ சொல்லு தம்பி. யாரு கொண்டாந்தது?”

நீங்கள் எழுந்தீர்கள். வாசலைப் பார்த்தீர்கள். டீச்சரைப் பார்க்கவில்லை.

“டீச்சர்தான் சார். அவங்க பையில போட்டுக் கொண்டாந்தாங்க.”

பையில் என்று வேறு சேர்த்துக்கொண்டீர்கள்.

“மிதக்கும்னு சொல்லச் சொன்னது?”

“அதுவும் டீச்சர்தான் சார்.”

“அப்படியா?” என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டார். தலைகள் ஆடின. இதைப் படிக்கும் பலரின் தலையும் அதில் இருந்தது.

“கண்ணு முன்னால மூழ்குது, பிள்ளைங்க மிதக்குதுன்னு கத்துதுங்க. இதுக்குப் பேரு பாடமா?” என்று டீச்சரைக் கேட்டார் இன்ஸ்பெக்டர். நியாயமான கோபம். ஆள்தான் தப்பு. எதையும் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும் என்று சத்தம் போட்ட மனிதர், ஆசாரிப் பட்டறை வரை நடந்து போய் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அறுத்த சிலீப்பர் கட்டை அங்கேயே கிடந்தது. போகவில்லை. கறுப்புக் காரில் ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு நான் போவதற்குள் செய்தி லயத்துக்குப் போய்விட்டது. அம்மா அகப்பைக் காம்போடு நின்றார்.

“ஏண்டி, உனக்கு மட்டும் எதுக்கு அந்த வாய்? எல்லாப் பிள்ளையும் மிதக்குதுன்னா நீயும் மிதக்குதுன்னு சொல்லிட்டுப் போயேன்! உங்கப்பன் வீட்டுக் கட்டையா அது?”

“முழுகிருச்சும்மா.”

“முழுகட்டும்! உனக்கு என்னா வந்துச்சு?”

அடி விழுந்தது. அப்பா பெரிய வாத்தியார் வீட்டுக்குப் போய், பிள்ளை தெரியாமல் பேசிவிட்டது என்று கெஞ்சிவிட்டு வந்தார். அந்த வருடம் முடிந்ததும் டீச்சர் வரவில்லை. பயிற்சிக்கும் எடுக்கவில்லை. புதிதாக வந்தவர் பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார். நாம் பார்த்து எழுதினோம்.

பிறகு நான் ரவாங் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். தீபாவளிக்கு முன்பு ஒரு துணிக்கடைக்குப் போனால், துணி அளந்து கிழித்துக்கொண்டு டீச்சர் நிற்கிறார். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. முதலாளி பார்த்துக்கொண்டிருந்ததால் துணியை அளந்துகொண்டே பேசினார். என் குடும்பத்தை விசாரித்தார். தன் குறையைச் சொல்லவே இல்லை. பில் போடும்போது மட்டும் கேட்டார்.

“அந்தப் பையன் ஏம்மா அப்படிச் சொன்னான்? நானும் யோசிச்சுப் பார்க்கிறேன், பிடிபட மாட்டேங்குது.”

“பயந்துட்டான் டீச்சர்.”

“பயந்தா சும்மா இருந்திருக்கலாமே. பையில கொண்டாந்தேன்னு ஏன் சொன்னான்?”

அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். அந்தக் கேள்வியை அவர் விடவில்லை.

தலைவரே, பத்து பதினோரு வயதுப் பையன் பயத்தில் சொன்னதை நான் மன்னித்துவிட்டேன். நிஜமாகவே மன்னித்திருந்தேன், போன மாதம் வரை. நீங்களும் படித்து வாத்தியாரானீர்கள். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றீர்கள். இப்போது கோலா சிலாங்கூரில் டியூஷன் நடத்துகிறீர்கள். என் பக்கத்து வீட்டுப் பெண் உங்களிடம்தான் படிக்கிறாள். போன வாரம் இரண்டு டப்பாவில் பச்சைப்பயறு முளைக்க வைத்தாள், ஒன்று வெயிலில், ஒன்று அலமாரிக்குள். அலமாரியில் இருந்தது மஞ்சளாக, ஒல்லியாக, ஆனால் வெயிலில் இருந்ததைவிட நெட்டையாக வளர்ந்திருந்தது. அதை அப்படியே எழுதினாள். பிறகு அழிரப்பரால் தேய்த்துவிட்டு, “ஒளி இல்லாவிட்டால் செடி வளராது” என்று எழுதினாள்.

“ஏம்மா அழிக்கிற? நெட்டையாத்தானே வளந்திருக்கு?”

“சார் குடுத்த விடையில இப்படித்தான் இருக்கு, ஆண்ட்டி. நான் பார்த்தத எழுதுனா மார்க் கிடைக்காதுலா.”

அந்த சார் நீங்கள்தான். கவுச்சியா உப்பா என்று தானே கண்டுபிடித்துக் குதித்த பையன் இன்று இந்த வேலை செய்கிறான். அதற்கு மேல், டீச்சரின் பாடத்தைத் தூக்கிப் பெரிய வாத்தியார் கழுத்தில் மாலையாகப் போடுகிறான். போன மாதம் நீங்கள் எழுதியபோது உங்கள் முதுகுக்குப் பின்னால் பிரம்பு யாரும் வைத்திருக்கவில்லை.

விழா நடத்துங்கள். பெரிய வாத்தியாருக்கு வயதாகிவிட்டது, மாலை போடுவதை நான் தடுக்கவில்லை. டீச்சரை நான் அழைத்து வருகிறேன். வருவதாகச் சொல்லிவிட்டார். அவருக்கு முன் வரிசையில் ஒரு நாற்காலி போடுங்கள். உங்கள் தலைமையுரையை ஆரம்பிக்கும் முன், பெரிய வாத்தியாரும் நம் வகுப்பும் மண்டபத்தில் இருக்கும்போதே, மைக்கைப் பிடித்து டீச்சரின் முகத்தைப் பார்த்து அவர் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: சும்மா இருந்திருக்கலாமே, ஏன் அப்படிச் சொன்னீர்கள்?